விண்டோஸ் புதிதாகப் போட்டபின் இணையம் எங்கே போகிறது?

கணினியை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டபின் பலருக்கும் வருகிற சிக்கல் ஒன்று உண்டு. எல்லாம் சரியாக முடிந்திருக்கும், வைஃபை குறியீட்டை மட்டும் காணோம். வீட்டிலுள்ள கைப்பேசிகளில் அதே வைஃபை ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் மோடமும் இணைய சேவையும் நன்றாகத்தான் இருக்கின்றன. பழைய விண்டோஸோடு சேர்ந்து எது அழிந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் அழிந்திருப்பது டிரைவர். ஒரு வன்பொருளை எப்படி இயக்குவது என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் சிறு மென்பொருளே டிரைவர். மடிக்கணினியின் வைஃபை சிப்பை இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் என்று யாராவது ஒருவர் செய்திருப்பார். ஒவ்வொரு சிப்புக்கும் கட்டளைகள் வேறு. அத்தனையும் விண்டோஸுக்கு இயல்பாகத் தெரியாது. பரவலாக இருக்கும் சிப்புகளுக்கான டிரைவர்களை விண்டோஸ் தன்னுடனேயே கொண்டுவருகிறது. நாம் பயன்படுத்தும் விண்டோஸ் பதிப்பு தயாரான பிறகு சந்தைக்கு வந்த சிப் என்றால், அதற்குரிய டிரைவர் அதில் இருக்காது.

கணினியை வாங்கியபோது இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். தயாரிப்பாளரே டிரைவர்களைப் போட்டுத்தான் விற்றார். வட்டை முழுதாக அழித்தபோது அவையும் போய்விட்டன. விடுபட்ட டிரைவரை விண்டோஸ் அப்டேட் தானே தேடி இறக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். முடிச்சு இதுதான்.

டிரைவர்தான் காரணமா என்று அறிய, ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். ‘நெட்வொர்க் கண்ட்ரோலர்’ என்ற பெயர் மஞ்சள் முக்கோணத்துடன் இருந்தால் சிப் இருக்கிறது, டிரைவர் இல்லை என்று பொருள். அதன் பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய் ‘ஹார்டுவேர் ஐடி’யைத் தேர்ந்தால் ஒரு நீண்ட குறியீடு வரும். அதில் ‘வென்’ என்பதற்கான ஆங்கில எழுத்துகளை அடுத்து வரும் நான்கு குறிகள் சிப்பைச் செய்தவரின் அடையாளம். 8086 என்றிருந்தால் இன்டெல். 1978இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற பிராசஸரின் எண்ணையே அந்நிறுவனம் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது.

முடிச்சை அவிழ்க்க எளிய வழி கைப்பேசிதான். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்பில் ‘யுஎஸ்பி டெதரிங்’கை இயக்கவும். இதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸில் ஏற்கெனவே உண்டு. கைப்பேசி வைஃபையில் இருந்தால் பெரும்பாலான மாடல்களில் அந்த இணைப்பே கணினிக்கும் போகும். மொபைல் டேட்டா கரையாது. பிறகு விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் போதும். இல்லையேல் வேறொரு கணினியில் தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய், உங்கள் மாடலுக்குரிய டிரைவரைப் பென் டிரைவில் இறக்கிக் கொண்டுவரலாம். எல்லா டிரைவரும் ஒரே தொகுப்பில் என்று அழைக்கும் முன்பின் தெரியாத தளங்கள் பக்கம் போகாதீர்கள்.

வைஃபை குறியீடு இருந்தும் இணையம் வரவில்லை என்றால் கதை வேறு. கமாண்ட் பிராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையைத் தட்டிப் பாருங்கள். கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. 192.168 என்பதுபோல் தொடங்கினால் ரவுட்டர்வரை வழி திறந்திருக்கிறது. அப்போதும் தளங்கள் திறக்காவிட்டால் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் தளங்களைத் தடுத்துவிடும்.

இணைய சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. சில பழைய பிராட்பேண்ட் இணைப்புகளில் மோடம் தானாக இணையாது. கணினிதான் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும். அவை பழைய விண்டோஸில் சேமிக்கப்பட்டிருந்தன. குறித்து வைக்கவில்லை என்றால் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

லினக்ஸ் உலகமும் இதில் தப்பவில்லை. பல வைஃபை சிப்புகளுக்கு டிரைவரோடு, சிப்பினுள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளும் வேண்டும். கட்டற்ற மென்பொருள் கொள்கையால் டெபியன் அதைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து மாற்றினார்கள். 2023இல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் உடன் வருகிறது.

மைக்ரோசாஃப்டோ, விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் நிறுவும்போதே இணையத்தைக் கட்டாயமாக்கியது. வேறு வழியில் இணையம் இல்லையென்றால், வைஃபை டிரைவர் இல்லாத கணினி அந்தத் திரையிலேயே நின்றுவிடக்கூடும். டிரைவர் கைக்கு வருமுன்னே இணையம் கேட்பது முறையாகத் தோன்றவில்லை. அது மாறும்வரை, விண்டோஸை அழிக்குமுன் உங்கள் மாடலின் நெட்வொர்க் டிரைவரை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.