வெளிநாட்டு மருத்துவப் பட்டமும் சேலத்து வார்டும்

விசைத்தறியிலும் லாரித் தொழிலிலும் கோழிப்பண்ணையிலும் கொலுசுப் பட்டறையிலும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு, அது போதாதபோது நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனையும் சேர்த்து, நீட் தேர்வில் தகுதி பெற்றும் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளைப் பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, ரஷ்யா, கிர்கிஸ்தான் ஆகிய நாடுகளுக்கு மருத்துவம் படிக்க அனுப்பும் குடும்பங்கள் சேலம் சூரமங்கலத்திலிருந்து நாமக்கல் வரை பரவியுள்ளன. அவ்வாறு சென்று பட்டத்தோடு திரும்பும் இளைஞர் சட்டத்தின் பார்வையில் இன்னும் மருத்துவர் அல்லர் என்பதும், அவர் மருத்துவராவதற்கான வழி எவ்வளவு நீளமானது என்பதும் அனுப்பும் நாளில் பெற்றோருக்கு முழுமையாக எடுத்துச் சொல்லப்படுவதில்லை.

அந்த வழியின் முதல் வாயில், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்காக 2002 முதல் நடத்தப்பட்டு வரும் எப்.எம்.ஜி.இ. என்னும் தகுதித் தேர்வு. மாணவர்கள் இதை ‘ஸ்கிரீனிங் டெஸ்ட்’ என்பார்கள். ஆண்டுக்கு இருமுறை, ஒரே நாளில் இரு பகுதிகளாக நடைபெறும் இத்தேர்வில், கொடுக்கப்பட்ட விடைகளில் சரியானதைத் தெரிவு செய்யும் 300 வினாக்கள் கேட்கப்படுகின்றன. 150 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இருந்தும், 2023 ஜூன் தேர்வில் எழுதியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரும், 2024 ஜூன் தேர்வில் ஐந்தில் ஒருவருமே தேறினர். தேறியவர் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி, அதாவது பேச்சு வழக்கில் ‘ஹவுஸ் சர்ஜன்’ காலம், முடித்த பின்னரே தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் நிரந்தரமாகப் பதிவு செய்து சிகிச்சை அளிக்கும் உரிமையைப் பெறுகிறார். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகள் இவற்றோடு, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் நடந்திருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும், படிப்பில் சேர்ந்த பத்து ஆண்டுகளுக்குள் அனைத்தும் நிறைவடைய வேண்டும் என்ற நிபந்தனைகளையும் விதித்துள்ளன.

இந்தத் தேர்வைத் தளர்த்த வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது, அதை ஏற்பதற்கில்லை. தேர்வில் தேறாமலேயே மாநில மருத்துவ கவுன்சில்களில் பதிவு பெற்றதாக 73 வெளிநாட்டுப் பட்டதாரிகள் மீது வழக்குப் பதிந்து, 2022 டிசம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை நாடெங்கும் சோதனை நடத்தியது. 14 மாநில கவுன்சில்கள் அந்த வழக்கில் குறிப்பிடப்பட்டன. நோயாளிக்குத் தன் எதிரில் அமர்ந்திருப்பவரின் கல்வியை எடைபோட வழியில்லை. அந்த எடைபோடுதலை அவருக்காகச் செய்வதே பதிவு முறையின் பயன் என்பதால், பதிவின்றிச் சிகிச்சை அளிப்போருக்கு ஓராண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இடமளிக்கிறது.

குறை தேர்வின் கடுமையில் இல்லை. அது எதை அளக்கிறது, அளந்தபின் என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. சேலத்துக் கிராமங்களில் இரவில் பாம்பு கடித்துக் கொண்டுவரப்படுபவருக்குச் செய்யும் 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம்: இரண்டு மில்லி இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும், உறையாமல் ஓடினால் விரியன் வகை நஞ்சு ஏறியிருக்கிறது, நஞ்சு முறிவு மருந்தை உடனே தொடங்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயைப் பயன்படுத்தினால் முடிவு தவறாகும் என்பதையும், மருந்து ஏறும்போது ஒவ்வாமை தோன்றுகிறதா என்று கட்டிலருகே நின்று கவனிக்க வேண்டும் என்பதையும் வார்டில் ஒருமுறை செய்தவர் மறப்பதில்லை. நம் ஊர் விரியனையே காணாத வெளிநாட்டில், மொழி புரியாத நோயாளிகளிடையே படித்தவருக்கு அந்த ஒருமுறை வாய்க்கவில்லை. 300 வினாக்களும் அதைத் தந்துவிட முடியாது.

செய்முறையையும் தேர்வில் அளக்க முடியும். இந்திய மருத்துவப் பட்டங்களை 1975 வரை நேரடியாக ஏற்றுக்கொண்டிருந்த பிரிட்டன், அதன்பின் இங்கிருந்து செல்லும் மருத்துவர்களுக்குத் தேர்வு வைத்தது. இன்றைய பிளாப் தேர்வில் 180 வினாக்களைக் கடந்தவர், மான்செஸ்டரில் அடுத்தடுத்த அறைகளில் நோயாளியாக நடிப்பவர்களிடம் நோய் விசாரித்து, உடலைப் பரிசோதித்து, கெட்ட செய்தியையும் பக்குவமாகச் சொல்லிக் காட்ட வேண்டும். வினாத்தாளோடு செய்முறையையும் சோதிக்கும் ‘நெக்ஸ்ட்’ என்னும் பொதுத் தேர்வை உள்நாட்டு, வெளிநாட்டு மாணவர் இரு சாராருக்கும் கொண்டுவர 2019 சட்டமே வழி செய்திருந்தும், அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

தேறாதவரின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று பயிற்சி மையங்களில் வினா-விடை மனப்பாடத்தில் ஆண்டுகள் கரைய, நோயாளியின் கையில் ஊசி ஏற்றும் பழக்கமும் மெல்ல விட்டுப்போகிறது. அடமானக் கடனின் வட்டி நிற்பதில்லை. தேறியவர்களுக்கும் பயிற்சியிடம் எளிதாகக் கிடைப்பதில்லை: 2022ஆம் ஆண்டு ஆணையம் தந்த அறிவுறுத்தலின்படி ஒரு கல்லூரி, தன் அனுமதிக்கப்பட்ட இடங்களில் 7.5 சதவீதத்தைக் கூடுதலாக இவர்களுக்கு ஒதுக்கலாம் என்றால், நூறு இடங்கள் கொண்ட கல்லூரியில் ஏழெட்டுப் பேருக்கு மேல் சேர முடியாது. உக்ரைன் போரால் வகுப்புகள் இணையவழியாகிப்போன மாணவர்களில் ஒரு சாராருக்கு அந்தப் பயிற்சியே இரண்டு ஆண்டுகளாயிற்று. செய்முறை இழப்பை வார்டில் ஈடுசெய்யலாம் என்று ஆணையமே ஏற்றுக்கொண்ட இடம் அது.

அந்த நியாயம் தேர்வுக்கு முந்தைய காலத்துக்கும் பொருந்தும். சேலம் இரும்பாலைச் சாலையில் 1986 முதல் இயங்கும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும், தேர்வுக்குக் காத்திருக்கும் இம்மாவட்டங்களின் பட்டதாரிகளைத் தற்காலிகமாகப் பதிவு செய்துகொண்டு, மருந்துச் சீட்டு எழுதும் உரிமை இன்றி, பேராசிரியரின் மேற்பார்வையில் வார்டில் கற்கும் ஆறு மாத வகுப்பைத் தொடங்க மாநில அரசு ஆணையத்திடம் அனுமதி கேட்க வேண்டும். பயிற்சியிடங்களின் எண்ணிக்கையை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சேர்த்து விரிவாக்குவதும், எந்த நாட்டின் எந்தக் கல்லூரியில் படித்தோர் எத்தனை பேர் தேறினர் என்ற விவரத்தைப் பிள்ளைகளை அனுப்பும் பருவத்துக்கு முன்பே தமிழில் வெளியிட்டு ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் அனுப்புவதும் அதோடு சேர்ந்தே நடக்க வேண்டியவை.