திரை இருண்டால் கம்ப்யூட்டர் செத்துவிட்டதா?

இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஓர் அறிவிப்பு வந்தது. "புதிய விண்டோஸ் தயார். இப்போதே போட்டுக்கொள்ளலாமா?" என்று அது கேட்டது. மகன் பொத்தானை அமுக்கினான்.

திரையில் வட்டம் சுற்றியது. பத்து, ஐம்பது, தொண்ணூறு என்று கணக்கு ஏறியது. யந்திரம் தானாக அணைந்தது. மறுபடியும் உயிர் பெற்றது. கம்பெனிச் சின்னம் தெரிந்தது. பிறகு?

ஒரே இருட்டு!

உள்ளே விசிறி ஓடுகிறது. சிறு விளக்கு எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை.

"உங்க அக்கா கல்யாணப் போட்டோ எல்லாம் அதிலேதானேடா இருக்கு!" என்று அம்மா பதறுகிறார். "காலையிலே கடைக்குத் தூக்கிக்கிட்டுப் போ" என்கிறார் அப்பா.

இது முத்தியால்பேட்டையில் நடக்கலாம். லாசுப்பேட்டையில் நடக்கலாம். கம்ப்யூட்டர் உள்ள எந்த வீட்டிலும் நடக்கலாம்.

யந்திரம் செத்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. அவசரப்பட்டுச் செய்யும் வைத்தியம்தான் ஆபத்து.

ஏன் இப்போது?

கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கும் தலைமைப் புரோகிராம்களில் ஒன்று விண்டோஸ். அதில் 10-வது பதிப்பை மைக்ரோசாப்ட் கம்பெனி 2015 ஜூலை 29-ந் தேதி வெளியிட்டது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அதற்குக் கொடுத்து வந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பை நிறுத்தியது.

அதனால் பழைய யந்திரங்கள் நின்றுவிடவில்லை. வீட்டுப் பூட்டில் பழுது கண்டால், ஆசாரி வந்து சரி செய்வார் அல்லவா? அந்த ஆசாரி இனி வரமாட்டார். அவ்வளவுதான். ஆனால் திருடன் வருவான்!

தனி நபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13-ந் தேதி வரை பாதுகாப்பு நீடிக்கும் என்று கம்பெனி ஒரு சலுகை அறிவித்தது. மற்றவர்கள் விண்டோஸ் 11-க்கு மாறும்படி சொன்னது. விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5-ந் தேதி வந்தது. தகுதியுள்ள யந்திரத்துக்கு அது இலவசம்.

தகுதி என்றால் என்ன? யந்திரத்துக்குள் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். மூளையாக வேலை செய்யும் சில்லும் புதியதாக இருக்கவேண்டும். 2017-க்கு முன் விற்பனையான யந்திரங்களில் பெரும்பாலானவை இதில் தேறவில்லை.

ஆக, தேறிய யந்திரங்கள் மாறின. தேறாத சிலவற்றிலும் குறுக்கு வழியில் போட்டார்கள். மாறிய வேகத்தில் சில வீடுகளில் படம் போயிற்று.

துபாஷி செய்யும் வேலை

படம் ஏன் போகிறது? இதைப் புதுவைக்காரர்களுக்குச் சொல்வது எளிது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் இங்கே துபாஷிகள் இருந்தார்கள். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. அவர் வாழ்ந்த மாளிகை புதுவையில் இன்றும் இருக்கிறது.

கவர்னர் பேசுவது ஒரு மொழி. ஊர் பேசுவது வேறு மொழி. நடுவில் துபாஷி இல்லாவிட்டால் காரியம் நடக்காது.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். விண்டோஸ்தான் கவர்னர். திரையில் படம் வரைகிற சில்லு இன்னொரு மொழிக்காரர். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு புரோகிராம் துபாஷியாக நிற்கிறது. அதற்கு 'டிரைவர்' என்று பெயர். கார் ஓட்டுகிற டிரைவர் அல்ல. இது பேச்சை மாற்றிச் சொல்கிற டிரைவர்!

புதிய விண்டோஸ் வந்தால் புதிய கவர்னர் வந்தார் என்று பொருள். பழைய துபாஷிக்கு அவர் பேச்சு முழுவதும் புரியாமல் போகலாம். அப்போது படம் நடுங்கும். கோடு கோடாக வரும். எழுத்துகள் பூதாகாரமாகத் தெரியும். அல்லது, திரையே இருண்டுவிடும்.

இருட்டு எப்போது வந்தது?

வைத்தியத்துக்கு முன் நோய் தெரியவேண்டும். ஒரே கேள்வி போதும்: கம்பெனிச் சின்னம் தெரிந்ததா?

கம்ப்யூட்டர் கண் விழித்த உடனே தெரியும் சின்னத்துக்கு விண்டோசின் டிரைவர் தேவை இல்லை. அது யந்திரத்துக்குள் பிறவியிலேயே இருக்கும் சாதாரண ஏற்பாடு. டிரைவர் வேலைக்கு வருவது அதற்குப் பிறகுதான்.

ஆகவே, சின்னம் தெரிந்து, வட்டமும் சுற்றி, அதன் பிறகு திரை இருண்டால், சந்தேகம் டிரைவர் மேல் விழவேண்டும். திரையும் ஒயரும் நன்றாகவே இருக்கின்றன.

சின்னமே தெரியவில்லையா? அப்படியானால் ஒயர் கழன்றிருக்கலாம். மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால், திரைப் பெட்டியின் மின்சாரத்தையும் பின்னால் உள்ள ஒயரின் இரு முனைகளையும் பாருங்கள். அங்கே குறை இல்லை என்றால்தான் உள் உறுப்புகளைச் சந்தேகிக்கவேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

முதலாவது, பொறுமை. புதிய பதிப்பு ஏறும்போது யந்திரம் சில தடவை அணைந்து அணைந்து எரியும். இடையிடையே திரை இருளும். பாதியில் மின்சாரத்தைப் பிடுங்கினால் நல்ல யந்திரமும் கெடும். அரை மணி நேரமாவது காத்திருங்கள்.

இரண்டாவது, பிரின்டர், பென் டிரைவ் முதலியவற்றைக் கழற்றிவிடுங்கள். லேப்டாப்பாக இருந்தால், வெளிச்சம் கூட்டும் பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, கீ போர்டில் விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தானையும், 'கன்ட்ரோல்', 'ஷிப்ட்' பொத்தான்களையும் பிடித்துக்கொண்டு 'பி' எழுத்தைத் தட்டுங்கள். இங்கிலீஷின் இரண்டாம் எழுத்தான 'பி'. ஒரு 'பீப்' சத்தம் கேட்கலாம். தூங்கிப்போன டிரைவரைத் தட்டி எழுப்பும் வழி இது. பல சமயம் இதிலேயே படம் வந்துவிடும்.

படம் வருகிறது, ஆனால் நடுங்குகிறது என்றால் வேறு சோதனை உண்டு. 'கன்ட்ரோல்', 'ஷிப்ட்', 'எஸ்கேப்' மூன்றையும் சேர்த்து அமுக்கினால் 'டாஸ்க் மானேஜர்' என்ற பெட்டி வரும். மற்றவற்றோடு அந்தப் பெட்டியும் நடுங்கினால் டிரைவரில் குற்றம். பெட்டி மட்டும் நடுங்காமல் நின்றால், வேறு ஏதோ ஒரு புரோகிராம் புதிய விண்டோசுடன் ஒத்துப்போகவில்லை.

இவற்றுக்கும் மசியாவிட்டால்?

'சேப் மோட்'

பத்தியம் இருக்கும் நோயாளி கஞ்சி மட்டும் குடிப்பார் அல்லவா? அது போலக் குறைந்த அளவு புரோகிராம்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்திருக்கும் நிலைக்கு 'சேப் மோட்' என்று பெயர். கம்பெனி டிரைவர் அங்கே வராது. எல்லா யந்திரத்துக்கும் பொதுவான ஒரு சாதாரண டிரைவர் வரும். படம் அழகாக இராது. ஆனால் தெரியும்!

அங்கே போவது எப்படி? புதிய பதிப்பு முழுவதும் ஏறி முடிந்துவிட்டது என்று உறுதியான பிறகே இதைச் செய்யவேண்டும். பவர் பொத்தானைப் பத்து வினாடி அமுக்கிப் பிடித்தால் யந்திரம் அணையும். மறுபடி போடுங்கள். விண்டோஸ் ஆரம்பிக்கும்போது அதே போல் அணையுங்கள். இப்படி இரண்டு தடவை செய்து மூன்றாம் முறை போட்டால், சீர் செய்யும் பக்கம் தானாக வரும்.

அதில் 'டிரபிள்ஷூட்', அடுத்து 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', அடுத்து 'ஸ்டார்ட் அப் செட்டிங்ஸ்', பிறகு 'ரீஸ்டார்ட்'. ஒரு பட்டியல் வரும். 4-ம் எண்ணை அமுக்கினால் சேப் மோட்.

இந்த இடத்தில் சில யந்திரங்கள் 48 இலக்கமுள்ள ஒரு சாவி எண்ணைக் கேட்கும். திருடன் கையில் கிடைத்தாலும் படிக்க முடியாதபடி உள்ளே பூட்டு போட்டிருக்கிறார்கள். அந்த எண் பெரும்பாலும் வீட்டுக்காரரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். செல்போனில் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கலாம். முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி வைப்பது உத்தமம்.

சேப் மோடில் படம் வந்துவிட்டதா? முதல் வேலை, முக்கியமான படங்களையும் சான்றிதழ்களையும் பென் டிரைவில் நகல் எடுப்பது.

இரண்டாவது வேலை, 'டிவைஸ் மானேஜர்' என்ற இடத்தில் 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்பதைத் திறப்பது. அங்கே டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பும் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் உண்டு. அது மங்கலாக இருந்தால், டிரைவரை நீக்கிவிட்டு யந்திரத்தை மறுபடி போடலாம். லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்கு உரிய புதிய டிரைவர் இருந்தால், அதைப் போடுவது மிக நல்லது.

ஒன்றும் பலிக்கவில்லை என்றால் பழைய விண்டோசுக்கே திரும்பலாம். ஆனால் பத்தே நாள்தான் கெடு! அதற்குப் பிறகு அந்தக் கதவு சாத்தப்படும்.

85 லட்சம் திரைகள்

இதெல்லாம் வீட்டு யந்திரத்துக்குத்தான் வருமா? பெரிய கம்பெனிகளுக்கு வராதா?

வந்தது. 2024 ஜூலை 19-ந் தேதி உலகமே பார்த்தது. அன்று வந்தது புதிய விண்டோஸ் அல்ல. 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற கம்பெனி தன் பாதுகாப்புப் புரோகிராமுக்கு அனுப்பிய ஒரு சிறு மாற்றம்தான். அதில் பிழை இருந்தது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் ரத்தாயின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த 85 லட்சம் யந்திரங்களும் செத்துவிட்டனவா? இல்லை. பலவற்றை சேப் மோடில் திறந்து, பிழையான பைலை நீக்கினார்கள். எழுந்துகொண்டன!

திரை நின்றாலும் உள்ளே இருக்கும் சொத்து அழிவதில்லை. இதுதான் பாடம்.

'பார்மட்' என்றால் ஜாக்கிரதை

சொத்து எப்போது அழிகிறது? "எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்று சொல்லும்போது! இதற்கு 'பார்மட்' என்று பெயர். ரிப்பேர் செய்பவருக்கு அது சுலபமான வழி. யந்திரம் பளிச்சென்று எழும். ஆனால் கல்யாணப் படமும், பிள்ளையின் சான்றிதழும், கடைக் கணக்கும் போய்விடும்.

கடைக்குக் கொண்டுபோனால் முதலில் சொல்லவேண்டிய வார்த்தை இதுதான்: "உள்ளே இருப்பதை நகல் எடுக்காமல் பார்மட் செய்யாதீர்கள்." திரை வராவிட்டாலும், பெரும்பாலான யந்திரங்களில் உள்ளே இருக்கும் டிஸ்கைக் கழற்றி வேறு யந்திரத்தில் மாட்டி நகல் எடுக்க முடியும். 48 இலக்கச் சாவி அங்கேயும் தேவைப்படலாம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. பதறிப்போய் இணையத்தில் கிடைத்த நம்பருக்குப் போன் செய்கிறார்கள். மறுமுனையில் இருப்பவன் மோசக்காரனாக இருந்தால்? "கம்பெனியிலிருந்து பேசுகிறேன்" என்பான். ஒரு புரோகிராமைப் போடச் சொல்லி, யந்திரத்தையே தன் கைக்குள் கொண்டுவருவான். பிறகு பாங்குக் கணக்கு காலி! அப்படிப் பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யவேண்டும். இது நாடு முழுவதற்கும் உரிய எண்.

சுமை யார் தலையில்?

தேதி குறிப்பது கம்பெனி. கஷ்டப்படுவது குடும்பம்.

புதுவையின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ந் தேதி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுமையாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்டு 16-ந் தேதி. நடுவே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்! ஓர் ஊர் கை மாறுவதற்கே அவ்வளவு அவகாசம் தேவைப்பட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரோ ஒரே இரவில் மாறுகிறது. எல்லா உறுப்பும் அன்றைக்கே பழகவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

மாறாமல் இருந்துவிடலாமா என்றால், அதுவும் நல்லதல்ல. பாதுகாப்பு இல்லாத யந்திரத்தில் பாங்கு வேலை பார்ப்பது, கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதற்குச் சமம்.

தேறாத பழைய யந்திரத்தைக் குப்பையில் போடவும் வேண்டாம். 'லினக்ஸ்' என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. இந்திய சர்க்காரின் 'சி-டாக்' நிறுவனம் தயாரித்த 'பாஸ்' அந்த இனத்தைச் சேர்ந்தது. புதுவையிலும் பக்கத்து விழுப்புரத்திலும் இதில் பழகிய ஆர்வலர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கவும், கடிதம் எழுதவும், படம் பார்க்கவும் அது போதும்.

எதற்கு மாறினாலும் விதி ஒன்றுதான். முதலில் நகல், பிறகு மாற்றம்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டும். வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முக்கியமான படங்களையும் சான்றிதழ்களையும் பென் டிரைவில் ஏற்றி, அம்மாவின் பீரோவில் வையுங்கள். சாவி எண்ணை நோட்டில் எழுதுங்கள். அதன் பிறகு புதிய விண்டோஸ் வரட்டும். திரை ஒரு நாள் இருண்டாலும், வீட்டில் யாரும் பதற வேண்டியிராது!