இடைவேளை இல்லாத தியேட்டர்

2025 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. சென்னையில் காலை 9 மணிக் காட்சிக்கு ரசிகர்கள் பாலபிஷேகத்துக்குப் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் ரஜினியின் ‘கூலி’யைப் பார்த்து முடித்தவர்கள் வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள். அங்கே இன்னும் புதன்கிழமை இரவுதான். படம் ‘வெளியாவதற்கு’ முன்பே அவர்களைப் பொறுத்தவரை பழைய படமாகிவிட்டது.

ஒரு காலத்தில் இந்த முந்திரிக்கொட்டை வேலையெல்லாம் தமிழ்நாட்டுக்காரர்களுடையது. நள்ளிரவு ஒரு மணிக் காட்சி, அதிகாலை நான்கு மணிக் காட்சி என்று ஊரே விழித்திருக்கும். 2023 ஜனவரியில் ‘துணிவு’ம் ‘வாரிசு’ம் ஒரே நாளில் வந்தபோது, கோயம்பேடு ரோகிணி தியேட்டர் வாசலில் கொண்டாட்டத்தில் லாரியிலிருந்து விழுந்து 19 வயது ரசிகர் ஒருவர் இறந்தார். அதன்பின் பெரிய நடிகர்களின் படங்களுக்கும் முதல் காட்சி காலை 9 மணிக்கு என்றாகிவிட்டது. கோடைக்காலக் கணக்குப்படி அது நியூ ஜெர்சிக்கு முந்தைய இரவு 11.30, டல்லாஸுக்கு 10.30, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு 8.30. மாலை ஆறு மணிக்கு எடிசனிலோ டல்லாஸ் பக்கத்து இர்விங்கிலோ பிரீமியர் பார்த்தவர், தமிழ்நாட்டில் முதல் விசில் அடிப்பதற்குள் தீர்ப்பு எழுதிவிடலாம். எழுதியும் விடுகிறார்கள்.

தீர்ப்பு எழுதப்படும் இடம் பெரும்பாலும் தியேட்டர் பார்க்கிங் லாட். படம் முடிந்து வெளியே வந்தவர்கள் உடனே வண்டியை எடுப்பதில்லை. நாலைந்து பேர் ஒரு வேனைச் சுற்றி நிற்பார்கள். குழந்தைகள் பின் சீட்டில் தூங்கும். “ஃபர்ஸ்ட் ஹாஃப் பக்கா, செகண்ட் ஹாஃப் லேக்” என்பார் ஒருவர். “பேக்ரவுண்ட் ஸ்கோர்தான் காப்பாத்திச்சு” என்பார் இன்னொருவர். “ஓடிடியில பாத்திருக்கலாம்” என்று அதுவரை வாய் திறக்காதவர் சொன்னதும் கூட்டம் கலையும். ‘கூலி’க்கும் இதே கதைதான். ரஜினியும் சத்யராஜும் ‘மிஸ்டர் பாரத்’துக்குப் பிறகு 39 ஆண்டு கழித்துச் சேர்கிறார்கள் என்று ஆசையாகப் போனவர்களுக்கு, சத்யராஜுக்குப் படத்தில் உயிரோடு இருக்கக் கிடைத்த நேரம் போதவில்லை. மலையாளத்திலிருந்து வந்த சௌபின் ஷாஹிர் எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டார் என்பதில் மட்டும் எடிசனுக்கும் வளைகுடாப் பகுதியின் ஃபிரிமான்ட்டுக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க மல்டிபிளெக்ஸ்கள் பலவற்றில் இடைவேளையே விடுவதில்லை. திரையில் ‘இடைவேளை’ என்று எழுத்து வரும். நம்மாள் பாப்கார்னுக்கு எழுந்து பாதி வரிசையைத் தாண்டுவதற்குள் இரண்டாம் பாதி ஓடத் தொடங்கிவிடும். தமிழ்த் திரைக்கதையோ இடைவேளையை நம்பிக் கட்டப்பட்டது. கதையின் பெரிய முடிச்சு அங்கேதான் விழும், அதன்பின் பதினைந்து நிமிடம் டீயும் சமோசாவுமாக “இப்ப என்ன ஆகும்?” என்று பேசுவதும் படத்தின் ஒரு பகுதிதான். இயக்குநர் கணக்கில் வைத்திருந்த அந்த மூச்சு வாங்கும் நேரம் இங்கே கிடைப்பதில்லை. மூன்று மணி நேரத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வருகிறவருக்குச் செகண்ட் ஹாஃப் இழுவையாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்? குறை சிலசமயம் படத்தில் இருக்கிறது, சிலசமயம் மூத்திரப்பையில் இருக்கிறது.

அடுத்தது காசு. பிரீமியர் டிக்கெட் 20 டாலரிலிருந்து 30 டாலர் வரை போகும். தியேட்டர் சங்கிலிகளின் மாதச் சந்தா அட்டைகள் பல பிரீமியர்களுக்குச் செல்லுபடியாகாது. நான்கு பேர் குடும்பம், பாப்கார்ன், மறுநாள் பள்ளிக்கூடம், காலை எட்டு மணி மீட்டிங் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு படத்துக்கு நூறு டாலரைத் தாண்டிவிடுகிறது. நூறு டாலர் கொடுத்தவருக்கு “பரவாயில்லை” என்று ஒரு படம் இருக்க முடியாது. ஒன்று தலையில் தூக்கி வைக்க வேண்டும், அல்லது தரையில் போட்டு மிதிக்க வேண்டும். நடுவில் இருக்கும் படங்கள்தான் இதில் அடிபடுகின்றன. நல்ல படங்களில் பெரும்பாலானவை அந்த நடுவில்தான் இருக்கின்றன.

‘தக் லைஃப்’ தரையில் விழுந்த ரகம். 2025 ஜூன் 5இல் வந்தது. கமலும் மணிரத்னமும் ‘நாயகன்’ முடிந்து 38 ஆண்டு கழித்துச் சேர்ந்த படம். ‘நாயகன்’ படத்தில் கமல் வேலு நாயக்கர் என்றால் இதில் ரங்கராய சக்திவேல் நாயக்கர். பெயரைக் கேட்டதுமே பாதி எதிர்பார்ப்பு எகிறிவிட்டது. படம் அந்த எதிர்பார்ப்பின் எடையைத் தாங்கவில்லை என்பது உண்மை. எட்டு வாரம் தியேட்டரில் என்று பேசப்பட்டது நான்கே வாரத்தில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த வார இறுதியில் பல வீடுகளில் நடந்தது சுவாரசியமானது: ஏமாற்றத்தோடு வந்தவர்கள் வீட்டில் ‘நாயகன்’ போட்டுப் பார்த்தார்கள். 2005இல் டைம் பத்திரிகையின் நூறு சிறந்த படங்களின் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் படத்தை இப்போது பார்த்தால், அதிலும் தொய்வான இடங்கள் தென்படும். பாட்டு வரும்போது ரிமோட்டைத் தேடுகிற பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் யாரும் “செகண்ட் ஹாஃப் லேக்” என்று சொல்வதில்லை. பழைய படத்துக்கு நாம் காட்டுகிற பொறுமையில் கால் பங்கைக்கூடப் புதுப் படத்துக்குக் காட்டுவதில்லை.

இந்த அவசரத்துக்குப் பலியாகும் படங்களும் கூடிக்கொண்டே போகின்றன. 2024இல் மட்டும் மூன்று படங்கள் வெளியான பிறகு கத்தரிக்கு உள்ளாகின. ‘இந்தியன் 2’ 12 நிமிடம் குறைந்தது, ‘கங்குவா’ 12 நிமிடம் குறைந்தது, ‘மெய்யழகன்’ 18 நிமிடம் குறைந்தது. முதல் இரண்டுக்கும் கத்தரி மருந்தாக இருந்திருக்கலாம். சொல்லப்போனால் ‘இந்தியன் 2’க்கு இன்னும் ஒரு மணி நேரம் வெட்டியிருந்தாலும் யாரும் வழக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ‘கங்குவா’வுக்கு வந்த முதல்நாள் வசவுகளுக்குப் பின் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, வெளியாகி மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது, கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டி. சரியான முடிவு. காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை மூன்று நாளைக்குத் தைத்து வைக்க முடியாது. நீதிமன்றம் வரை போகிற நேரத்தில் தயாரிப்பாளர்கள் பார்க்கிங் லாட் பேச்சைப் பார்க்கிங் லாட் பேச்சாக எடுத்துக்கொள்ளப் பழகியிருக்கலாம்.

‘மெய்யழகன்’ விஷயம்தான் வயிற்றெரிச்சல். பிரேம்குமாரின் படம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, இருபது ஆண்டுக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே “அத்தான்” என்று ஒட்டிக்கொள்ளும் ஒருவனின் பெயர் அவனுக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அரவிந்த்சாமியும் கார்த்தியும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பதுதான் கதை. ஊர்க் கல்யாணத்தில் யாரோ ஒருவர் கையைப் பிடித்து “என்னைத் தெரியுதா?” என்று கேட்கும்போது அசட்டுச் சிரிப்போடு நின்ற அனுபவம் அமெரிக்காவில் வாழும் தமிழர் எவருக்கும் உண்டு. பதினைந்து வருடம் கழித்து இரண்டு வார விடுமுறையில் போய், சித்தப்பா மகன்களின் பெயரை மனைவியிடம் காதோடு கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்களின் கதை அது. அந்தப் பேச்சு நீளமாகத்தான் இருக்கும். நீளம்தான் அதன் உயிர். மறுநாள் கிளம்ப வேண்டும், ஆனாலும் பேச்சை முடிக்க மனம் வரவில்லை என்பதைப் பதினெட்டு நிமிடம் குறைத்துக் காட்டினால் என்ன மிஞ்சும்? முதல்நாள் “இழுவை” என்று சொன்னவர்களில் பலர், பிறகு வீட்டில் சோபாவில் சாய்ந்து பார்த்து மூக்கை உறிஞ்சியிருக்கிறார்கள்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வேறு விதமாகத் தப்பித்தது. 2025 மே 1இல் சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு ஒரே நாளில் வந்த சின்னப் படம். எதிர்பார்ப்பு இல்லாததால் யாரும் கத்தியைத் தீட்டிக்கொண்டு போகவில்லை. இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் படகேறி ராமேஸ்வரம் வந்து, காகிதம் எதுவும் இல்லாமல் சென்னையில் ஒரு காலனிக்குள் குடியேறும் ஈழத் தமிழ்க் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோர். படத்தில் குறை இல்லாமல் இல்லை. அந்தக் காலனியில் கெட்டவர் என்று மருந்துக்கும் ஒருவர் கிடையாது. காலனியிலேயே போலீஸ்காரர் இருந்தும் சந்தேகம் வரப் பாதிப் படம் ஆகிறது. ஆனால் எச்-1பி விசாவில் கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நிற்கிறவர் அந்தப் படத்தைப் பார்ப்பதும், மாம்பலத்தில் இருப்பவர் பார்ப்பதும் ஒன்றல்ல. “எந்த ஊர்க்காரங்க நீங்க?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும்போது சசிகுமார் முகத்தில் ஓடும் அந்த ஒரு நொடி பயம், லீகலாக எல்லாம் வைத்திருப்பவருக்கும் விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டும்போது ஓடுகிற பயம்தான். பேச்சுத் தமிழ் மாறுவதால் மாட்டிக்கொள்வோமோ என்ற தவிப்பும் அப்படியே. ஆங்கில உச்சரிப்பை ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட சின்னப் படங்களுக்கு அமெரிக்காவில் கிடைக்கும் ஆயுள் பெரும்பாலும் மூன்று நான்கு நாள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றிருந்தால் காட்சி இருக்காது, இருந்தாலும் மதியம் ஒன்றரை மணிக்கு இருக்கும்.

எண்பதுகளில் இங்கே இவ்வளவு பேச்சுக்கு இடமே இல்லை. மளிகைக் கடையில் அரிசி மூட்டையோடு வீடியோ கேசட் வாடகைக்கு வரும். யார் யாரோ பார்த்துத் தேய்ந்த நாடாவில் சிவாஜியின் முகம் பாம்புபோல் நெளியும். விமர்சனம் அப்போதும் உண்டு, ஆனால் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வருவதோடு சரி. இப்போதோ டென்ட்கொட்டா என்ற பெயரிலேயே வெளிநாட்டுத் தமிழருக்கு ஒரு ஓடிடி இருக்கிறது. மணல் குவித்து உட்கார்ந்து பார்த்த டூரிங் டாக்கீஸின் பெயரை 65 அங்குல டிவிக்குள் கொண்டுவந்தவரின் குறும்பைப் பாராட்ட வேண்டும்.

பழைய படங்களுக்கு இங்கே ஒரு சீசன் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா விசிட்டர் விசாவில் ஆறு மாதத்துக்கு வந்திறங்கும் மாதங்கள்தான் அது. வெளியே தனியாகப் போக வண்டி ஓட்டத் தெரியாது, குளிர் வேறு. மத்தியானம் முழுக்கக் கறுப்பு வெள்ளைதான். பேரப்பிள்ளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்துவிட்டுப் போகும். அமெரிக்காவைக் காட்டும் தமிழ்ப் படங்கள் இந்தக் கூட்டத்தில் சிரிப்பை வரவழைக்கும். 1998இல் வந்த ‘ஜீன்ஸ்’ படத்தில் பாட்டிக்கு மூளையில் தவறான பக்கத்தில் அறுவை சிகிச்சை செய்துவிடுகிறார்கள். இந்த ஊர் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது காமெடிக் காட்சி இல்லை, திகில் காட்சி. ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் சூர்யா ஒரு பெண்ணைத் தேடி பெர்க்லி வரை வந்துவிடுவார். வளைகுடாப் பகுதிக்காரர்கள் அதைப் பார்க்கும்போது காதலைவிட “அந்த ரோட்டுல பார்க்கிங் கிடைக்காதே” என்பதில்தான் கவனமாக இருக்கிறார்கள்.

‘மந்திரி குமாரி’ டைட்டிலில் இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கன் என்று வரும்போது ஒரு பேரன் நிமிர்ந்து உட்காருவான். “தாத்தா, அமெரிக்கனா?” அமெரிக்கன்தான். ஒஹையோ மாநிலத்தின் பார்ட்டன் என்ற சின்ன ஊரில் பிறந்து, 1935இல் இந்தியா போய், தமிழே தெரியாமல் தமிழ்ப் படம் எடுத்த ஆள். எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றிய ‘சதி லீலாவதி’யும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘மீரா’வும் அவர் எடுத்தவைதான். கலைஞர் வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ வெளியான 1950இலேயே நாடு திரும்பி, மேற்கு விர்ஜீனியாவில் குடியேறிவிட்டார். வசனம் புரியாதவர் எடுத்த படத்தைச் சப்டைட்டில் இல்லாமல் வசனம் புரியாத பையன் அதே நாட்டில் உட்கார்ந்து பார்க்கிறான்.

டெக்சஸில் ஃபிரிஸ்கோ பக்கம் ஒரு வீட்டில் ஒரு குளிர்காலத்தில் ஓடிய படம் ‘அந்த நாள்’. 1954இல் வீணை எஸ். பாலசந்தர் ஏவிஎம்முக்காக எடுத்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள் சிவாஜி சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடப்பதில் படம் தொடங்கும். சுட்டது யார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். முதல் ஓட்டத்தில் படம் தோல்வி. பாட்டில்லாத படமா என்று அன்றைய பார்க்கிங் லாட், அதாவது சைக்கிள் ஸ்டாண்ட், முகம் சுளித்திருக்க வேண்டும். எழுபது வருடம் கழித்து அந்த வீட்டில் பதினான்கு வயதுப் பையன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் தாத்தா ரிமோட்டை வாங்கி நிறுத்தினார். “இரு, காபி குடிச்சிட்டு வர்றேன்.”

பையன் எழுந்திருக்கவில்லை. தம்பியா, மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். தாத்தா சமையலறையிலிருந்து, “சொல்ல மாட்டேன்” என்றார்.