துளியை மட்டும் பார்த்தால் போதுமா?

மாணவர்களே, ஒருமுறை செய்முறை வகுப்பில் ஒரு மாணவன் நுண்புழைக் குழாயைக் கொண்டு நீரின் பரப்பு இழுவிசையை அளந்தான். விடை புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைவாக வந்தது. உடனே அளவீட்டை அழித்து, 'சரியான' விடை வரும்படி எழுதிவிட்டான். குழாயின் உட்சுவரில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கே அதற்குக் காரணம். திருத்த வேண்டியது அளவீடு அன்று. கழுவ வேண்டியது குழாய்.

பரப்பு இழுவிசையைத் திரவத்தின் பண்பாக மட்டுமே படித்துவிட்டு, அத்திரவம் தொடும் திண்மப் பரப்பை நாம் மறந்துவிடுகிறோம். இது பெருங்குறை என்பது என் கருத்து. துளியின் விளிம்பு திண்மத்தோடு அமைக்கும் கோணமே தொடுகோணம். திண்மம் மாறினால் இக்கோணமும் மாறும் என்பதற்கான அடிப்படையைத் தாமஸ் யங் 1805-லேயே வகுத்துவிட்டார்.

பாலித்தீன் தாளில் நீர்த்துளி முத்துப்போல் நிற்கும். தொடுகோணம் 90 பாகைக்குச் சற்று அதிகம். அச்சு மையும் அதில் எளிதில் ஒட்டாது. அத்தாளைச் சில விநாடிகள் ஆக்சிஜன் பிளாஸ்மாவில், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவில், வைத்தால் என்ன ஆகும்? மேற்பரப்பின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் சில அறுந்து, ஆக்சிஜன் அங்கே இணைகிறது. அது நீரை ஈர்க்க, துளி படர்கிறது. மாற்றம் சில நானோமீட்டர் ஆழத்திற்குத்தான். உள்ளே இருப்பது பழைய பாலித்தீனே.

இங்க்ஜெட் அச்சுப்பொறியின் மைத்துளி ஒன்று 10 பிக்கோலிட்டர் எனக் கொள்வோம். பறக்கும்போது அதன் விட்டம் சுமார் 27 மைக்ரோமீட்டர். 90 பாகைத் தொடுகோணத்தில் அமர்ந்தால் அது 34 மைக்ரோமீட்டர் அகலப் புள்ளியாகும். 30 பாகையில் 57 ஆகும். துளி ஒன்றே, புள்ளிகள் இரண்டு! படர்வது குறைந்தால் கோடு துண்டு துண்டாகும். மிகுந்தால் எழுத்து மங்கும். எனவே, 'நன்றாக நனைந்தால் நல்லது' என்று மனப்பாடம் செய்வதும் தவறே. பிளாஸ்மாவின் விளைவும் நாளடைவில் குறையும். ஆகவே நேற்றைய அளவீட்டை நம்பி இன்று அச்சிட முடியாது.

இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சோப்பு போட்டு நன்கு அலசி உலர்த்துங்கள். பின் ஒன்றில் மட்டும் தேங்காய் எண்ணெயை இலேசாகத் தடவித் துடைத்துவிடுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு நீர் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். கண்டதைக் கண்டபடியே எழுதுங்கள். புத்தக விடையோடு அது பொருந்தாவிட்டால் அழிக்க வேண்டாம்; ஏன் என்று கேளுங்கள். அறிவியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.