ஜாதி நாய்க்கு மட்டும் பாலிஸி

நாலு பேர் முன்னிலையில் தன் ஜாதியைச் சொல்ல மனிதன் இப்போது கொஞ்சம் கூச்சப்படுகிறான். நல்ல கூச்சம்தான். ஆனால் அதே மனிதனிடம் அவன் வீட்டு நாயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அதன் தகப்பன் யார், பாட்டன் எந்தக் கண்காட்சியில் பரிசு வாங்கினான், வம்சப் பத்திரத்தில் எத்தனை தலைமுறை எழுதியிருக்கிறது என்று மூச்சு விடாமல் சொல்வான். தான் விட்டொழித்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒன்றை வீட்டு நாயின் கழுத்தில் கட்டி வைத்திருக்கிறான்.

இது வெறும் டம்பமாக நின்றிருந்தால் எனக்கு எழுத வேலையில்லை. பணம் கட்டி ரசீது வாங்கும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது. தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று 2021-ல் ஒரே மாநகராட்சியாகிவிட்ட இந்தப் பிரதேசத்தில், தனி வீடும் முன்னால் ஒரு கேட்டும் உள்ள குடும்பங்களில் ஒரு நாயோடு நிற்பவர்கள் குறைவு. கூடத்தில் விலை கொடுத்து வாங்கிய லாப்ரடார் ஒன்று. கொல்லையில், மழைக்கு ஒதுங்கி வந்து நிலைத்துவிட்ட நாட்டு நாய்கள் இரண்டு. மூன்றும் அந்த வீட்டுச் சோற்றைத்தான் தின்கின்றன. இன்ஷூரன்ஸ் என்று வந்தால் மட்டும் கூடத்து நாய்க்குப் பாலிஸி; கொல்லை நாய்களுக்குப் பகவான்.

சேலையூரில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இது என்ன நியாயம் என்று கேட்டேன். "அதுகளுக்கெல்லாம் எதுக்கு சார்? தெருவிலேர்ந்து வந்தது, தெருவோட போகும்" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. தினமும் தம் கையால் அவற்றுக்குச் சோறு வைப்பவர். நல்லவர்களும் கூசாமல் சொல்லக்கூடிய வாக்கியமாக இது ஆகிவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? நம் கிராமத்துச் சம்சாரிகளுக்கு மாட்டு இன்ஷூரன்ஸ் பழக்கமான சங்கதி. மாட்டின் காதில் கம்பெனி ஒரு வில்லையை மாட்டும். மாடு செத்தால் அந்த வில்லையைக் காட்ட வேண்டும். வில்லை இல்லையென்றால் பணம் இல்லை. அங்கே காப்பு செய்யப்படுவது மாட்டின் விலை. பால் தரும் மாட்டை இழந்தவன் இன்னொரு மாடு வாங்க வேண்டும். ஆகவே விலையைக் கணக்கிடுவதில் அர்த்தம் உண்டு. அந்தக் கணக்கை அப்படியே நாயின் மீது போட்டதுதான் கோளாறு. முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய நாய்க்கு முப்பதாயிரம் மதிப்பு. காசு கொடுக்காமல் வந்த நாய்க்கு மதிப்புப் பூஜ்யம். பூஜ்யத்துக்கு எதற்குப் பிரீமியம் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். கணக்கு சரி, எடுத்துக்கொண்ட பொருள்தான் தப்பு.

நாய் வளர்ப்பவனுக்கு நஷ்டம் வருவது நாயின் விலையில் அல்ல, அதன் வைத்தியத்தில். ஸ்வீடன் தேசத்தில் 1924-லேயே நாய்க்குப் பாலிஸி எழுதிவிட்டார்கள். இன்று அங்கே பெரும்பாலான நாய்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. அவர்கள் முக்கியமாகக் கட்டிக் காப்பது வைத்தியச் செலவை. நம் நாட்டிலும் அரசுடைமையான நியூ இந்தியா அஷ்யூரன்ஸும் தனியார் கம்பெனிகள் சிலவும் நாய்க்குப் பாலிஸி தருகின்றன. அறுவைச் சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, பிறருக்கு நேரும் தீங்குக்கான நஷ்ட ஈடு என்று பிரிவுகள் வைத்திருக்கும் பாலிஸிகள் உண்டு. கலப்பு நாயையும் நாட்டு நாயையும் ஏற்றுக்கொள்ளும் பாலிஸிகளும் உண்டு. அதாவது, கம்பெனிக்காரனே ஜாதி பார்ப்பதை விட்டுவிட்ட இடத்தில் நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்!

நோய்க்கும் ஜாதி கிடையாது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படித் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக் காய்ச்சல் பரவும். நாய்க்கும் வரும், நாயைத் தொட்டவனுக்கும் வரலாம். கொல்லை நாயின் மேலிருக்கும் உண்ணி, ரத்தத்தைக் கெடுக்கும் காய்ச்சலைச் சுமந்துகொண்டு கூடத்து நாயின் மேல் ஏறும்போது வம்சப் பத்திரத்தைப் படித்துவிட்டு ஏறுவதில்லை. பார்வோ என்ற குடல் நோய்க் கிருமி நம் செருப்பிலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். மூன்று நாய் உள்ள வீட்டில் ஒன்றுக்கு மட்டும் காப்பு செய்வது, ஓட்டை உள்ள குடிசையில் ஒரு மூலைக்கு மட்டும் கீற்று வேய்வது போன்றது.

கடிக்கும் விஷயம் இன்னும் கடுமை. 2024 மே மாதம், ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவின் காவலாளி மகளை, ஐந்து வயதுக் குழந்தையை, இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. நாய்க்காரர் கைதானார். இரண்டும் ஜாதி நாய்கள்தான்! தெரு நாய்தான் கடிக்கும், பத்திரமுள்ள நாய் பண்புள்ளது என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். நாயைக் கவனக்குறைவாக விட்டு மனிதருக்கு ஆபத்து விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இன்ஷூரன்ஸ் சிறைக்கு ஈடு கொடுக்காது; கடிபட்டவனின் வைத்தியத்துக்குக் கொடுக்கலாம். ஆகவே அந்தப் பிரிவு உங்களுக்காக மட்டுமல்ல, உங்கள் கேட்டைக் கடந்து போகும் பால்காரனுக்காகவும்தான். அவனைக் கடிக்கப்போவது எந்த நாய் என்று முன்கூட்டித் தெரியுமா? மூன்றுக்கும் எழுதாவிட்டால் எழுதாத நாய்தான் கடிக்கும்.

"மூன்று பிரீமியத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இது: செத்தால் விலை தரும் பிரிவை விட்டுவிடுங்கள். அதைச் சேர்க்கவோ நீக்கவோ இடம் தரும் பாலிஸிகள் இருக்கின்றன. நாய் செத்த துக்கத்துக்குப் பணம் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? ஒரு நாய்க்கு எல்லாப் பிரிவுகளும் சேர்த்து வருஷம் ஒன்பதாயிரம் ஆகிறதென்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதே தொகையை மூன்றாகப் பங்கிட்டு, அறுவைச் சிகிச்சையும் பிறர் தீங்கும் மட்டும் மூன்றுக்கும் சிறிய தொகைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். பொறுக்க முடியாத செலவுக்குத்தான் இன்ஷூரன்ஸ். பொறுக்கக்கூடிய செலவுக்கு அஞ்சறைப் பெட்டி. வயது கடந்த நாயைக் கம்பெனி புதிதாகச் சேர்க்காது. அந்தக் கிழத்துக்காக மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே கொண்டுபோக வண்டிச் சத்தத்துக்காவது அது உதவும்.

கையெழுத்துப் போடுமுன் ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை சில. சொன்ன தொகை ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா? பணம் கட்டிய எத்தனையாவது நாளிலிருந்து வைத்தியம் செல்லும்? முன்பே இருந்த நோய் என்று எதைச் சொல்வார்கள்? ஒரே நிறத்தில் இரண்டு நாட்டு நாய்கள் இருந்தால், நோயுற்றது எது என்று எப்படி அடையாளம் காண்பார்கள்? இது வேடிக்கைக் கேள்வியல்ல. மாட்டின் காது வில்லை கற்பித்த பாடம். சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. தாம்பரத்துக்காரர்கள் யாரும் சொல்லாமலே அதைச் செய்துகொள்வது புத்திசாலித்தனம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தடுப்பூசி ஏடு. ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு, போடாதவனுக்குக் கம்பெனி பணம் தராது. அதில் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். உலகில் வெறிநோயால் சாகும் மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த நாட்டில்தான் சாகிறார்கள். அப்படியிருக்க, கொல்லை நாய்க்கு ஊசி போடாதவன் பாலிஸி எடுத்தென்ன, எடுக்காமல் என்ன?

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலை வெளியிட்டார்கள். நாட்டு நாய்க்கும் கௌரவம் வந்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தார்கள். அதுவும் இன்னொரு ஜாதிக்குப் பட்டம் கட்டியதுதான். பெயரும் வம்சமும் இல்லாமல் உங்கள் கொல்லையில் இரவெல்லாம் விழித்திருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேசுகிறேன். இந்தப் புறநகர்த் தெருக்களில் இடுப்பு ஒடிந்தும் தோல் உரிந்தும் திரிகிற நாய்களில் எத்தனையோ, ஏதோ ஒரு வீட்டில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவை. வைத்தியரின் பில் வந்த நாளில் அவை தெரு நாயாயின. தெருவிலிருந்து வந்ததால் அல்ல, வீட்டுக் கணக்கில் ஏறாததால்தான் அவை தெருவோடு போயின. மூன்று நாய்க்குச் சோறு போட மனசு இருப்பவன், மூன்று பெயரையும் ஒரே தாளில் எழுதட்டும். அதற்கு மனமில்லாதவன் இரண்டாவது நாய்க்குக் கேட்டைத் திறக்காமலே இருக்கட்டும்.