கோப்பெங் மலைகள்: 'பக்கத்துலதானே' என்று ஏறிவிடலாமா?

வார இறுதி என்றால் கோப்பெங்கில் கூட்டம்தான். சுங்கை கம்பாரில் ராஃப்டிங், குவா தெம்புரோங், அதோடு மலையேற்றம். ஆனால், வனக் காப்பகத்தில் ஏற பெர்மிட்டும் 'மாலிம் குனோங்' எனப்படும் மலை வழிகாட்டியும் வேண்டும் என்பதைப் பலர் தொல்லையாகவே பார்க்கிறார்கள். "கண்ணெதிரே நிற்கிற மலைக்கு எதுக்கு பெர்மிட்?" என்று கேட்கிறார்கள்.

எல்லா மலையும் ஒன்றா?

இல்லை. தெம்புரோங் போன்றவை சுண்ணாம்புக்கல் குன்றுகள். உயரம் குறைவு, ஆனால் செங்குத்து. பாறைகள் கத்தி போல கூர்மை. மழைநீர் விரிசல்களில் இறங்கிவிடுவதால் மேலே குடிக்கத் தண்ணீர் கிடைப்பது அரிது.

கிழக்கே உள்ள தித்திவாங்சா தொடர் கருங்கல் மலை. அதன் மிக உயரமான சிகரம் குனோங் கொர்பு, 2,183 மீட்டர். தீபகற்பத்தில் குனோங் தஹானுக்கு (2,187 மீட்டர்) அடுத்த இடம் இதற்குத்தான். உலு கிந்தா வழியாக ஏறி இறங்க பொதுவாக இரண்டு, மூன்று நாளாகும்.

பெரிய ஆபத்து எது?

மழை. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் மாலை இடிமழை சகஜம். கீழே வெயில் அடித்தாலும், மேலே பெய்த மழை ஆற்றில் திடீர் வெள்ளமாக இறங்கும். இதைத்தான் 'கெபாலா ஆயர்' என்கிறோம். காலையில் முழங்கால் அளவு இருந்த ஓடை, திரும்பும்போது கடக்க முடியாததாகிவிடும்.

பெர்மிட் எப்படி உதவும்?

1984 தேசிய வனச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அபராதத்தைவிட முக்கியம், பெயர்ப் பட்டியல். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி பத்தாங் காலி முகாம் தளத்தில் ஏற்பட்ட நிலச்சரிவில் 31 பேர் இறந்தனர். அன்று, உள்ளே எத்தனை பேர் சிக்கினார்கள் என்ற எண்ணிக்கையே முதலில் மாறிக்கொண்டிருந்தது. மலையிலும் இதே நிலைதான். யார், எந்தப் பாதை, எப்போது திரும்புவார்கள் என்று தெரிந்தால், மீட்புப் படை நேராக அங்கே போகலாம். தெரியாவிட்டால் காடு முழுக்கத் தேட வேண்டும்.

கிளம்பும் முன் என்ன செய்யலாம்?

பாதை திறந்திருக்கிறதா என்று மாநில வனத்துறையிடம் கேளுங்கள். பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். டார்ச் லைட், விசில், கூடுதல் தண்ணீர் கட்டாயம். ஆபத்தென்றால் 999-ஐ அழையுங்கள். ஆனால் பள்ளத்தாக்குகளில் லைன் கிடைக்காமல் போகலாம். போனை மட்டும் நம்பி ஏற வேண்டாம்.