படகு கேட்காதீர்கள்

என் சிநேகிதர் ஒருவரிடம் ஒரு ஜாபிதா இருக்கிறது. 'சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்தில்' என்று அதற்குத் தலைப்பு. மாமல்லபுரம், கோவளம், முட்டுக்காடு, வேடந்தாங்கல், பழவேற்காடு என்று இருபது ஊர்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓர் ஊருக்குப் போய்வந்து, அதன் பெயர்மேல் ஒரு கோடு இழுத்துவிடுவார். ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்ட மகானுபாவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதவரத்தைத் தாண்டிப் பார்த்ததே இல்லை என்பது நிச்சயம். அது போகட்டும். எனக்கு வழக்கு நேரத்தைப் பற்றியது அல்ல.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் அவர் தம் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். அவர், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள், மைத்துனர், நான். செங்குன்றம், தச்சூர் கூட்டு ரோடு, பொன்னேரி எல்லாம் தாண்டித் திருப்பாலைவனத்துப் பெயர்ப் பலகையைக் கண்டதும் பையன் கேட்டான்: "மாமா, பாலைவனம்னு போட்டிருக்கே, ஒட்டகம் எங்கே?"

நல்ல கேள்வி. இது வறண்ட பாலைவனம் அல்ல, பாலை மரங்கள் அடர்ந்திருந்த வனம்; அந்த மரம்தான் இங்குள்ள சிவன் கோயிலுக்கு ஸ்தல விருட்சம் என்று சொன்னேன். கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு, இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றும் சொன்னேன். சிநேகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது லிஸ்டில் இல்லையே!" என்றார். கார் நிற்கவில்லை.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அவற்றின் பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். டச்சுக் கம்பெனி 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரையில் அந்தக் கம்பெனியின் வியாபாரத்துக்கு இந்த ஊர்தான் தலைமையிடம். கப்பலில் ஏறியது துணி மட்டுமல்ல. பஞ்சத்தில் அடிமாட்டு விலைக்கு வந்த மனிதர்களையும் வாங்கி, ஜாவாவிலிருந்த பதேவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். அவர்களுக்கு இந்த ஊரில் ஒரு கல் கூடக் கிடையாது. இதையெல்லாம் நான் சொல்லத் தொடங்கியபோது குழந்தைகள் காரில் ஏறிவிட்டார்கள்.

"இங்கே ஒன்றுமே இல்லையே, ஸார்! ஒரு நல்ல ஓட்டல் உண்டா, உட்கார ஓர் இடம் உண்டா? படகிலாவது போய்விட்டு வரலாம்" என்றார் சிநேகிதர்.

இனிமேல்தான் என் வழக்கு. அதில் நானும் ஒரு குற்றவாளி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கரையில் ஒரு பெரியவர் வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். முகத்துவாரம் வரை போய்வரப் படகு கிடைக்குமா என்று கேட்டோம். "சவாரி இல்ல சார்" என்றார், தலை நிமிராமல். சிநேகிதர் ஆயிரம் என்றார். பிறகு ஆயிரத்து ஐந்நூறு. பிறகு இரண்டாயிரம். நானும் சும்மா இருக்கவில்லை. "ஆறே பேர்தானே, பெரியவரே! ஓரமாகவே போய்வந்துவிடலாம்" என்று குழைந்தேன். எழுத்தாளனுடைய வாக்குச் சாதுரியம் எதற்கெல்லாம் பயன்படுகிறது, பாருங்கள்!

பக்கத்திலிருந்த இளைஞன் ஒருவன், "நான் வரேன் சார்" என்று எழுந்தான். பெரியவர் அதட்டினார். அவன் திரும்பி, "அப்ப டீசல் காசு நீ தரியா?" என்று கேட்டான். அதற்கு அவரிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் கிறிஸ்மஸ் அன்னிக்கு நானும் தேடப் போனவன் சார்."

எந்தக் கிறிஸ்மஸ் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2011, டிசம்பர் 25. உல்லாசமாக வந்த ஒரு கூட்டம் ஏறிய படகு கவிழ்ந்து, இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு உல்லாசச் சவாரிக்குத் தடை போட்டார்கள். தடைகளை என்ன செய்வது என்பது நமக்குத் தெரியும். இரண்டாயிரம் ரூபாய் செய்வோம்.

சிநேகிதரின் மனைவி ஒன்றும் பேசாமல் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்துவிட்டார். அந்த அம்மாளுக்கு நான் கடமைப்பட்டவன்.

விபத்து நடந்தால் படகோட்டியைத்தான் பிடிப்பார்கள். பேராசைக்காரன் என்பார்கள். கரையில் நின்று நோட்டை ஆட்டுகிறவனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த இளைஞனைப் பேராசைக்காரன் என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது. மீன் பிடிக்கப் போனால் அன்றைக்கு என்ன கிடைக்குமென்று அவனுக்கு நிச்சயமில்லை. எங்கள் இரண்டாயிரம் நிச்சயம். அந்தப் படகு வலைக்காகக் கட்டிய படகு. முகத்துவாரத்தில் ஏரித் தண்ணீரும் கடலும் முட்டிக்கொள்கிற இழுப்பை அவனால் சமாளிக்க முடியும். சேலையும் செருப்பும் கைபேசியுமாக ஒரே பக்கம் எழுந்து நிற்கிற எங்களை அவனால் சமாளிக்க முடியாது.

"பூநாரைகளைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அவை மழைக்காலத்தோடு வருகின்றன. ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசிச் சாப்பிடுகின்றன. அப்படியே விட்டால் நமக்குப் படம் அமையாது. ஆகவே, படகை விரட்டி அவற்றைக் கிளப்ப வேண்டும். வானம் இளஞ்சிவப்பாக வேண்டும். சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தவரை எழுப்பி ஓடவிட்டுப் படம் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

சிநேகிதர் 'ஒன்றும் இல்லை' என்று சொன்ன இடம் இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல் உப்பைக் கொண்டுவருகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் இறால். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் குப்பங்களில் அடுப்பு அணையும். எந்தத் துறையில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதற்கு அவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் இன்றைக்கு எனக்கு என்றால் இன்னொரு நாள் உனக்கு. அதில் இடமே கிடைக்காத ஜாதிகளும் பெண்களும் உண்டு. தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளப் பெண்களுக்கு எந்தப் பாடும் கிடையாது. குறையுள்ள நியாயம்தான். ஆனாலும் ரேஷன் கடை வரிசையில் முண்டுகிற நாம் அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

இந்த வரிசைக்கு நடுவில்தான் நாம் படகு கேட்கிறோம். ஏற்கெனவே நாம் வாங்கிக்கொண்டது கொஞ்சமா? தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள், நம் வீட்டு மின்விசிறிக்காக அனல் மின் நிலையங்கள். மீன் குறைந்துபோயிற்று என்று குப்பத்தார் வருஷக்கணக்காக முறையிடுகிறார்கள். மிச்சமிருக்கிற தண்ணீரில் ஞாயிற்றுக்கிழமையையும் நமக்கே கொடுக்க வேண்டுமாம்.

"வசதி செய்து கொடுத்தால் அந்த ஏழைகளுக்குத்தானே வருமானம்?" என்பது சிநேகிதரின் வாதம். ஏழைகளுக்காக நாம் உல்லாசப் பயணம் போகிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. கரையில் ஓட்டல் எழுந்தால் அதன் முதலாளி யார், தட்டுக் கழுவுகிறவர் யார் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டாம்.

போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கிறது. மீன் வாங்குங்கள், கூடைக்காரி சொன்ன விலையில் பத்து ரூபாய் குறைப்பதை வீர சாகசமாகச் செய்யாதீர்கள். ஊரில் பெண்கள் பனை ஓலையில் பெட்டி முடைகிறார்கள். அதிலும் ஒன்று வாங்குங்கள். வெயில் தாழும் வரை கரையில் உட்கார்ந்திருங்கள். படகில் போய்த்தான் தீர வேண்டும் என்றால் முட்டுக்காட்டில் சர்க்கார் படகுத்துறை இருக்கிறது. மிதவைச் சட்டை மாட்டி உட்காரவைத்து அனுப்புவார்கள். பழவேற்காட்டில் மட்டும் படகு கேட்காதீர்கள். அந்தப் பெரியவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நூறு பேரிடம் 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இளைஞனுக்கு அவ்வளவு தெம்பு இருக்குமா என்பது சந்தேகம்.

திரும்பும்போது திருப்பாலைவனத்தில் மறுபடியும் அதே பெயர்ப் பலகை. பையன் தூங்கிப்போயிருந்தான். முன் ஸீட்டிலிருந்த சிநேகிதர் ஜாபிதாவை எடுத்துப் பழவேற்காட்டின்மேல் கோடு இழுத்தார். பிறகு பாதிக் கோட்டில் கையை நிறுத்தி, "படகில் போகவில்லையே, இதைச் சேர்த்துக்கொள்ளலாமா ஸார்?" என்று என்னைக் கேட்டார்.